தாயில்பட்டியில் சமாதானப் படம் போட்ட கதை

1

பெல்ஜியத்தின் மேற்கு மூலையில், பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது நாங்கள் குடியிருக்கும் ஊர். சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த நான், புது மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டு இங்கே வந்து, சாக்லேட் டப்பா அச்சடிக்கும் பிரஸ்ஸில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அங்கே முருகனும் லட்சுமியும் அச்சடித்தேன். இங்கே பாதாம் பருப்பும் பால் ஆறும் அச்சடிக்கிறேன். மை வாசனை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்த ஊர் வயல்களில் முதல் உலகப் போரின் குண்டுகள் இன்னும் புதைந்து கிடக்கின்றன. உருளைக்கிழங்குக்கு உழும்போது தட்டுப்படும். விவசாயி அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோர விளக்குக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, மிச்சத்தை உழப் போய்விடுவார். பிறகு ராணுவ வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் நான் வேறு தெரு வழியாகச் சுற்றி வேலைக்குப் போனேன். இவர்களுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது. பட்டாசுத் தொழில் நடக்கும் எங்கள் ஊரில் எட்டு வயதுப் பிள்ளை கூட வெடிமருந்தை இப்படித் தூக்காது.

நவம்பரில் போர் முடிந்த நாளை ஒட்டி ஊர்மன்றத்தில் ஒரு படம் போடுவார்கள். காப்பியும் ஆப்பிள் கேக்கும் இலவசம். போன முறை போட்டது, எதிரெதிர்ப் பள்ளங்களில் பதுங்கிக் கிடந்த இரண்டு நாட்டுச் சிப்பாய்கள் ஒரே ஒரு நாள் சண்டையை நிறுத்தும் கதை. நடுவே கிடக்கும் பிணங்களைப் புதைக்க வெளியே வருகிறார்கள். ஒருவனிடம் மண்வெட்டி இல்லை. எதிரி தன்னுடையதை இரவல் கொடுக்கிறான். மாலைக்குள் பொத்தான்களை மாற்றிக்கொள்கிறார்கள், வீட்டுப் புகைப்படங்களைக் காட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் விடிந்ததும் மேலதிகாரி வந்துவிடுகிறார். மறுபடி துப்பாக்கி.

படம் ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் முதல் குண்டு விழுந்தது. நான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் வானத்தைப் பார்த்தேன்.

இதை விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். திசையை வைத்து எந்தப் பட்டாசுக் கம்பெனி என்று கணக்குப் போட வேண்டும். பிறகு அந்தக் கம்பெனியில் நம் ஆட்கள் யார் யார் என்று நினைக்க வேண்டும். இது யோசித்துச் செய்வதில்லை, கால் தானாக எழும்.

வெளியே மழைத் தூறலும் நிறுத்தி வைத்த சைக்கிள்களும்தான் இருந்தன. உள்ளே வந்து உட்கார்ந்ததும் என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, அவளும் அந்த மாவட்டம்தான், சாத்தூர்க்காரி. பதினோரு வயது மகள் கயல்தான் பக்கத்துச் சிநேகிதியிடம் டச்சு மொழியில், அப்பா கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றி என் மகள் சொல்லும் பொய்கள் கூடிக்கொண்டே வருகின்றன. எல்லாம் என் மானத்தைக் காக்கத்தான்.

படம் முடிந்து விளக்குப் போட்டபோது எனக்குக் கண் கலங்கியிருந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. தூரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. மன்றத்துச் செயலாளர் மார்த்தா அம்மாவிடம் போய், இந்தப் படத்தின் டிவிடி ஒன்று வேண்டும், ஊரில் போட்டுக் காட்ட வேண்டும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஊரிலும் போரா என்று கேட்டார். இல்லை, என் அண்ணனும் மச்சானும் பேசிக்கொள்வதில்லை என்று சொல்ல எனக்கு டச்சு வந்தது, வாய் வரவில்லை. ஆமாம், சின்னதாக ஒன்று, என்றேன்.

2

சிவகாசிப் பக்கம் தாயில்பட்டியில் எங்கள் அண்ணன் முனியாண்டி வீடும் அக்கா மாரியம்மாள் வீடும் ஒரே சுவரில் ஒட்டியவை. அய்யா கட்டிய வீட்டை இரண்டாகப் பிரித்தது. அண்ணன் மூத்தவர், அக்கா அடுத்தவள், நான் கடைக்குட்டி. அக்காவின் மாப்பிள்ளை தங்கவேலு மச்சான் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேன். அதே கம்பெனிக்கு எங்கள் ஊரிலிருந்து வேனில் ஆள் கூட்டிக்கொண்டு போகிற வேலை அண்ணனுக்கு.

வேனுக்கு ஆள் சேர்ப்பது லேசான வேலை இல்லை. விடியும் முன் வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டும். தலைவலி, வயிற்றுவலி, பிள்ளைக்குச் சொகமில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும். பேசிப் பேசி எழுப்பி ஏற்ற வேண்டும். சீசனில் ஆள் குறைந்தால் கம்பெனியில் அண்ணனைத்தான் கேட்பார்கள். ஆகவே அண்ணன் எண்ணி ஏற்றி அனுப்புவார், மச்சான் கேட்டில் எண்ணி உள்ளே விடுவார். சாயங்காலம் மச்சான் எண்ணி ஏற்றுவார், அண்ணன் எண்ணி இறக்குவார். ஊரில் இவர்கள் இரண்டு பேரையும் கேலி செய்வது உண்டு, ஆட்டுக்குட்டி எண்ணுகிறவர்கள் என்று.

நாலு வருடத்துக்கு முன் தீபாவளி சீசனில் ஒரு நாள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அண்ணன் மனைவி, என் மதினி ராமலட்சுமி. ஒரு ரூம் மட்டும் வெடித்தது. மற்ற மூன்று பேர் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் தப்பித்தார்கள். அறிக்கையில் காரணம் உராய்வு என்று எழுதினார்கள். எங்கள் பக்கத்தில் எல்லா அறிக்கையிலும் அதுதான் எழுதியிருக்கும்.

அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி. மதினி வழக்கமாகப் பட்டாசுச் சரம் பின்னுகிற ரூம் வேறு. அன்றைக்குக் காலையில் மச்சான்தான் அவளை அந்த ரூமுக்கு மாற்றியிருக்கிறார். ஏன் மாற்றினார்? துட்டி வீட்டில், துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் அண்ணன் இதைக் கேட்டார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், பதில் சொல்லவில்லை. அவன் ஆர்டரை முடிக்க என் பொண்டாட்டியைக் கொன்றுவிட்டான் என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னதுதான், அதோடு பேச்சு நின்றது.

அண்ணன் வேன் வேலையை விட்டுவிட்டுச் சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் கட்டிங் மெஷினுக்குப் போய்விட்டார். மச்சான் கம்பெனியிலேயே தொடர்ந்தார். ஒரே சுவர், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அக்கா குழம்பு வைத்தால் அண்ணன் வீட்டுக்குப் பிள்ளைகள் வழியாகக் கிண்ணம் போகும். யார் கொடுத்தது என்று அவர் கேட்க மாட்டார், இவர்களும் சொல்ல மாட்டார்கள். குடித்துவிட்டு வந்தால் மட்டும் அண்ணன் சுவரைப் பார்த்து வைவார். மச்சான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாராம். நான் போன் கார்டு சுரண்டிப் பேசும்போதெல்லாம் இருவரிடமும் தனித்தனியாக ஒரே செய்தியைக் கேட்க வேண்டியிருந்தது.

3

பொங்கலுக்கு ஊருக்குப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். இங்கே நகராட்சியில் என் பிறப்புச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, புதிதாக வேண்டும் என்றார் அந்தப் பெண். நான் ஒரே தடவைதான் பிறந்தேன் என்று டச்சு மொழியில் சொல்லப் பார்த்து, ஒரே தடவைதான் பிறப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாழ்த்துகள் என்றார்.

சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் இரண்டு நாள் அலைந்தேன். முத்திரை வைக்க வேண்டிய எழுத்தர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதானே சார் இருக்கு. நீங்க ஏதும் மாறிட்டீகளா?” என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். அவர் பதிலுக்குக் காத்திராமல் முத்திரையைக் குத்தினார்.

4

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மதியம் சமுதாயக் கூடத்தில் படம் என்று ஏற்பாடு. புரொஜெக்டர் என் பழைய முதலாளியிடம் இரவல் வாங்கினேன். வெளியூர் வியாபாரிகளுக்குக் காலண்டர் டிசைன் காட்ட வாங்கி வைத்திருந்தது. படத்தில் பைட்டு இருக்கா என்று கேட்டார். போர்ப் படம் என்றதும் கொடுத்தார். கூடத்து ஜன்னல்களை அடைக்க அண்ணனே பிரஸ்ஸிலிருந்து கலர் விலகி விழுந்து கழித்துப்போட்ட காலண்டர் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்தார். தும்பிக்கை இரண்டாக விழுந்த பிள்ளையார்கள் வரிசையாக ஜன்னலை மறைத்தார்கள். மச்சானை அழைக்க அக்காவிடம் சொல்லியிருந்தேன். இருவருக்கும் மற்றவர் வருவது தெரியும். தெரிந்தும் வந்தார்கள் என்பதே எனக்குப் பாதி வெற்றியாகப் பட்டது.

கூடம் நிறைந்துவிட்டது. நான் மைக்கைப் பிடித்து வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். முதலில் வானத்தில் வெளிச்சக் குண்டு ஒன்று எரிந்து இறங்கியது. நல்ல மருந்து, ரொம்ப நேரம் நிக்குது என்று பின்னாலிருந்து ஒரு குரல் பாராட்டியது. எந்தப் பக்கம் நம்ம ஆளு என்று ஒருவர் கேட்டார். இரண்டு பக்கமும் இல்லை என்றேன். அப்படியென்றால் எதற்குப் பார்க்கிறோம் என்று அவருக்குக் குழப்பம்.

ஒரு தவறு செய்துவிட்டேன். ஒலிக்குக் கல்யாண வீட்டு ரேடியோ செட்காரரிடம் சொல்லியிருந்தேன். அவர் ஆள் உயரப் பெட்டிகளை நாலு மூலையிலும் வைத்து, தொழில் சுத்தமாக முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். முதல் குண்டு விழுந்தது. தரை அதிர்ந்தது.

யாரும் அலறவில்லை. எங்கள் ஊரில் அலற மாட்டார்கள். கூடம் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, இரண்டு வாசல் வழியாகவும் தள்ளுமுள்ளு இல்லாமல் வேகமாக வெளியேறினார்கள். நானும் மைக்கோடு போனேன். படத்தைக் கொண்டுவந்தவனே நான்தான், குண்டு எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரியும். அப்படியும் போனேன்.

வெளியே பொங்கல் வெயில். எல்லோரும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நாலு திசையும் பார்த்தார்கள். மச்சான் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. வாசல் படியில் நின்றுகொண்டு, வெளியே வருகிறவர்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. கூட்டத்திலிருந்து அண்ணன் அவரை நோக்கி விறுவிறுவென்று வந்தார்.

“மாப்ளே, எந்தப் பக்கம்?”

“எங்கனயும் பொகை இல்ல மச்சான்,” என்றார் தங்கவேலு மச்சான், எண்ணுவதை நிறுத்தாமல். “படந்தான்.”

நாலு வருடம் கழித்துப் பேசிய பேச்சு அவ்வளவுதான். பேசி முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அண்ணன் தரையைப் பார்த்தார். மச்சான் கடைசி ஆள் வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் கையை இறக்கினார். கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடி உள்ளே போனார்கள். அண்ணனும் மச்சானும் ஒரே வாசல் வழியாக உள்ளே போனதை நான் பார்த்தேன். இனிமேல் படமே தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சப் படம் சத்தத்தைக் குறைத்து ஓடியது. முடிந்ததும் எல்லோருக்கும் இருந்த ஒரே சந்தேகம், இரவல் வாங்கினவன் மம்பட்டியைத் திருப்பிக் கொடுத்தானா இல்லையா என்பதுதான். அதைப் படத்தில் காட்டவில்லை.

ஜன்னல் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணனிடம், நாளைக்குக் காலையில் அக்கா வீட்டில் சாப்பிடலாம், நானும் வருகிறேன் என்றேன். அவர் ஒரு பிள்ளையாரை நாலாக மடித்தார். பிறகு சொன்னார்.

“வாரேன்லே. வந்து அவன்ட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சண்டைக்கு இல்ல. அன்னைக்கு ஏன் ரூம மாத்துனேன்னு மட்டும். சொல்லிட்டான்னா முடிஞ்சுது.”

5

அக்காவிடம் சொல்ல நான் கிட்டத்தட்ட ஓடினேன். அவள் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மச்சான் வீட்டில் இல்லை. அண்ணன் வரச் சம்மதித்ததையும், அந்த ஒரு கேள்வியையும் சொன்னேன். அவள் சாம்பல் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் இருந்த கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அண்ணனைக் கூட்டிட்டு வராத தம்பி,” என்றாள்.

நான் என்னவோ சொல்லப் போனேன். அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அன்னைக்கு மதினிக்குக் காய்ச்சல். கண்ணெல்லாம் செவந்துபோய் வந்திருக்கா. இவுக கேட்டுலேயே பாத்துட்டு, வீட்டுக்குப் போ, நான் வேனுக்குச் சொல்லுதேன்னுருக்காக. மாட்டேன்னுட்டா. படுத்துக்கிடுதேன்னு சொன்னதுக்கே அண்ணன் காலையில வஞ்சுட்டாக, எம் பொண்டாட்டியே வரலைன்னா ஊருல எவளக் கூப்பிட முடியும்னு கேட்டாக, திரும்பிப் போனா இன்னும் வைவாகன்னு சொல்லிருக்கா. இவுகளுக்கு மனசு கேக்கல. வேப்பமரத்து நெழல்ல இருக்க ரூம்பு கொஞ்சம் குளுமையா இருக்கும்னுதான் அங்கன மாத்துனாக.”

அக்கா சாத்திய கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“பதினாறாம் நாள் எங்கிட்டச் சொன்னாக. அதுக்கப்பறம் வாயத் தொறக்கல. கேட்டா இவுகளுக்குப் பொய் சொல்ல வராது, உனக்கே தெரியும். அதான் முன்னால போயி நிக்கிறதே இல்ல. அண்ணன் வஞ்சுக்கிட்டே இருக்கட்டும்லே. அவனுக்கு வைய ஒரு ஆளு வேணும். இவுக இருந்துட்டுப் போறாக.”

நாலு வருடமாக அந்த ஒற்றைச் சுவரின் இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருந்ததை நான் சண்டை என்று நினைத்திருந்தேன். மார்த்தா அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பெல்ஜியத்திலிருந்து ஒரு டிவிடித் தகட்டைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, இவர்கள் கட்டிக் காத்துவந்த ஒன்றை ஒரே மத்தியானத்தில் கலைத்துவிட்டிருக்கிறேன். இனி அதைச் சரி செய்ய வேண்டியவனும் நான்தான். அக்கா அதைச் சொல்லவில்லை. பாத்திரத்தைத் திரும்ப எடுத்து விளக்க ஆரம்பித்தாள்.

6

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் சவரம் செய்து, பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டியிருந்தார். நாற்காலியில் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம் ஒன்று இருந்தது. அக்கா பிள்ளைகளுக்கு. காலையிலேயே பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

என்ன சொல்வது என்று வரும் வழியில் யோசித்து வைத்திருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே வழி என்பது பத்து அடி. மச்சானைக் கேட்டேன், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். மச்சானைப் போன்ற ஒரு மனிதர் மேல் இன்னும் ஒரு பழியைத் தூக்கி வைக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன். அண்ணன் கத்துவார், சுவரைப் பார்த்து வைவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சை விட்டார்.

“நல்லதாப் போச்சுலே,” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சுவரை ஒரு முறை பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் கேட்காத குரலில் சொன்னார்.

“வாரேன்னு ஒங்கிட்டச் சொல்லிட்டேனே ஒழிய, எனக்குப் பயந்தான். அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல். நாந்தான் வஞ்சு வேன்ல ஏத்துனேன். அது எனக்கு மட்டுந்தான் தெரியும்னு இருக்கேன். அவன்ட்டக் கேட்டு, அவனுக்கும் தெரியும்னு ஆயிட்டா நான் எங்கிட்டுப் போவேன்?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பக்கம் அக்கா பிள்ளைகளைக் குளிக்கக் கூப்பிடும் சத்தமும், மச்சான் செருமுகிற சத்தமும் தெளிவாகக் கேட்டன.

அண்ணன் காராச்சேவுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

“பிள்ளைகட்டக் குடுத்துரு,” என்றார். “நீ வாங்குனதாச் சொல்லு.”